வார இறுதித் தெருப் படங்கள் தொழிலாகுமா?

கேள்வி: எனக்கு வயது 29. அலுவலக வேலையில் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக வார இறுதிகளில் தெருவில் படம் எடுத்து, சுமார் 38,000 ஃபிரேம்கள் சேர்ந்துவிட்டன. சமூக வலைத்தளத்தில் பாராட்டு வருகிறது, பணம் வரவில்லை. ஒரு பத்திரிகைக்கு 60 படங்கள் அனுப்பினேன். "தனித்தனியாக நன்றாக இருக்கின்றன, ஆனால் எதைப் பற்றிச் சொல்கிறீர்கள்?" என்று பதில் வந்தது. நகர வாழ்க்கையை ஆவணப்படுத்தும் தெருப் புகைப்படக்காரராக, வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இறங்கலாமா? நெருங்கிப் போனால் கை நடுங்குகிறது, பாதிப் படங்கள் தெளிவாக விழுவதில்லை. யாராவது சண்டைக்கு வந்தால் என்ன செய்வது? கேமராவை மாற்ற வேண்டுமா? போட்டிகளுக்கு அனுப்பலாமா?

பதில்: வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். உங்கள் படங்களில் குறை கண்டு இதைச் சொல்லவில்லை. விற்கக்கூடிய பொருள் இன்னும் உங்கள் கையில் உருவாகவில்லை, அவ்வளவுதான். அந்தப் பத்திரிகை ஆசிரியர் கேட்டதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத ஆலோசனை அது. நீங்கள் அனுப்பிய 60 படங்களும் 60 தனித் தருணங்களாக இருந்திருக்கும்: குடைக்குள் ஒரு முகம், சுவரொட்டிக்கு முன்னால் அதே சாயலில் ஒருவர், வெயிலும் நிழலும் வெட்டிக்கொள்ளும் ஒரு மூலை. ஒவ்வொன்றுக்கும் சபாஷ் போடலாம். நான்கு பக்கம் ஒதுக்கி அச்சிட வேண்டியவருக்கு அந்தச் சபாஷால் பயனில்லை. அவருக்கு ஒரு விஷயம் வேண்டும், அதற்கு ஒரு தலைப்பு வேண்டும், ஏன் இப்போது வெளியிட வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும்.

ஆகவே கிடைத்ததையெல்லாம் எடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரு சிறிய விஷயத்தைப் பிடியுங்கள். தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். வாரம் ஒரு முறையாவது சலிக்காமல் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். அடுத்த ஐந்து பத்து ஆண்டுகளில் மாறிப்போகக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். "எங்கள் நகரத்துச் சந்தை" என்பது விஷயம் அல்ல, இடம். "மொத்த விற்பனைச் சந்தையில் நள்ளிரவு முதல் விடியும்வரை சுமை இறக்குகிறவர்கள்" என்பது விஷயம். "சாலையோரம் பழைய மின்சாதனங்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் ஒரு தெரு", "கடைசிப் பேருந்துக்கும் முதல் பேருந்துக்கும் இடையில் நிலையத்தில் தங்குகிறவர்கள்" என்பவையும் அப்படித்தான். சிறிதாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். பெரிய விஷயத்தை எடுத்தவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள்.

இடத்தை முடிவு செய்ததும் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போகாதீர்கள். சனிக்கிழமை மாலை நல்ல வெளிச்சம் என்பதற்காக அப்போது மட்டும் போனால், அந்தத் தெருவின் சனிக்கிழமை மாலைதான் உங்களிடம் இருக்கும். கடை திறக்கும் நேரம், மதிய மந்தம், மழை நாள், மின்தடை, விடுமுறை, சம்பளம் வாங்கும் நாள் என்று மாற்றிப் போங்கள். நான்கைந்து முறை போனதும் கையில் என்ன இல்லை என்று பாருங்கள். பெரும்பாலானவர்களிடம் மூன்று மீட்டர் தூரத்தில் நின்று எடுத்த நடுத்தூரப் படங்களே குவிந்திருக்கும். மொத்த இடத்தையும் உயரத்திலிருந்து காட்டும் படம், வேலையின் ஒவ்வொரு கட்டம், கருவிகள், கைகள், எழுத்துப் பலகைகள், இரண்டு பேருக்கிடையே நடக்கும் பேரம், ஆளில்லாத நேரத்தில் அதே இடம் ஆகியவை விடுபட்டிருக்கும். தொடரைக் கோத்து நிறுத்துபவை இவைதான். வலைத்தளத்தில் இவற்றுக்குப் பெரிய விருப்பம் விழாது என்பதால் இவற்றை யாரும் எடுப்பதில்லை.

கூடவே ஓரிரு இடங்களில் மாதம் ஒரு முறை அதே படத்தைத் திரும்ப எடுங்கள். நின்ற இடம், கேமராவின் உயரம், லென்ஸ், எடுத்த மணி நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். "ஏறத்தாழ அதே இடம்" என்று எடுத்தவை ஐந்து ஆண்டு கழித்து ஒப்பிடப் பயன்படாது. தரையில் அசையாத ஏதாவது ஒன்றை, ஒரு மூடியையோ தூணின் அடியையோ, அடையாளமாக வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது படக்குறிப்பு. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தெருவில் படம் எடுக்கிற பெரும்பாலானவர்களிடமும் இது இல்லை. ஆனால் பொழுதுபோக்கையும் ஆவணத்தையும் பிரிக்கிற கோடு இதுதான். ஒரு படம் 20 ஆண்டு கழித்து நூலகத்துக்கோ ஆய்வாளருக்கோ அருங்காட்சியகத்துக்கோ பயன்பட வேண்டுமானால், யார், என்ன செய்கிறார், எந்தத் தெருவில், எந்தத் திசை பார்த்து, எந்தத் தேதியில் என்பது தெரிய வேண்டும். "வாழ்க்கை", "காத்திருப்பு" என்று தலைப்பு வைப்பது குறிப்பு ஆகாது.

இதை அன்றன்றே முடித்துவிட வேண்டும். கைப்பேசியில் குரல் பதிவாக, "பாலத்தின் கிழக்குப் பக்கம், மூன்றாவது கடை, பெயர் சொன்னார், படம் எடுக்கச் சம்மதித்தார், 12 வருடமாக இங்கே இருப்பதாகச் சொன்னார்" என்று பேசிவிட்டு நடங்கள். இரவு படங்களை இறக்கும்போதே அதைப் படக் கோப்புக்குள் இருக்கும் விவரப் பகுதியில் எழுதிவிடுங்கள். லைட்ரூம், கேப்சர் ஒன், டிஜிகேம் போன்ற எந்த மென்பொருளிலும் இதற்கு இடம் உண்டு. தனியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எழுதினால் படம் ஒரு பக்கமும் குறிப்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோகும். கேமராவின் கடிகாரத்தை மாதம் ஒரு முறை சரிபாருங்கள். பேட்டரியை வெகுநாள் கழற்றி வைத்தால் சில கேமராக்களில் தேதி பழைய நிலைக்குப் போய்விடும். அப்புறம் ஓர் ஆண்டின் படங்கள் முழுவதும் தவறான தேதியோடு கிடக்கும்.

யூஜின் அட்ஜெ என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரரை இந்த இடத்தில் நினைக்கலாம். 1890களின் இறுதியிலிருந்து 1927இல் இறக்கும்வரை, பழைய பாரிஸின் தெருக்களையும் கடை வாசல்களையும் தெரு வியாபாரிகளையும் எடுத்துக்கொண்டே இருந்தவர். தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளாமல், ஓவியர்களுக்கான ஆவணங்கள் விற்பவராகவே தொழில் நடத்தினார். ஓவியர்கள், நாடக மேடை அமைப்பவர்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள் எல்லாம் அவருடைய வாடிக்கையாளர்கள். 1920இல் 2,600க்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களை பிரெஞ்சு அரசே வாங்கிக்கொண்டது. எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று ஒழுங்காக எழுதி, தலைப்பு வாரியாகப் பிரித்து வைத்திருந்ததால்தான் அது விலைபோனது. அவர் இறந்த பிறகு மிச்சமிருந்தவற்றைக் காப்பாற்றிய அமெரிக்கப் புகைப்படக்காரர் பெரனிஸ் அபாட், பின்னர் நியூயார்க் நகரம் மாறுவதைத் தானே எடுக்கத் தொடங்கி, 1935 முதல் அரசின் கலைத் திட்டத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே அந்த வேலையைச் செய்தார். இருவருக்கும் பணம் கொடுத்தவை நிறுவனங்கள். ரசிகர் கூட்டத்தை நம்பி இந்தத் தொழில் நடந்ததில்லை, இன்றும் நடப்பதில்லை.

சரி, கை நடுக்கத்துக்கு வருவோம். படம் தெளிவாக இல்லை என்பதற்கு மூன்று வேறு காரணங்கள் உண்டு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் மருந்து மாறிப்போகும். கெட்டுப்போன 50 படங்களை நூறு சதவீத அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஆளுக்குப் பின்னாலுள்ள சுவரோ முன்னாலுள்ள கம்பியோ பளிச்சென்று இருந்தால், ஃபோகஸ் தவறியிருக்கிறது. அசையாத சுவர் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து, நடக்கிற ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடும் திரை) வேகம் போதவில்லை. தொடக்கத்தில் இருப்பவர்கள் நடுக்கம் என்று நினைப்பது பெரும்பாலும் மூன்றாவதாகத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரணமாக நடக்கிறவர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் நகர்கிறார். நொடியில் 250இல் ஒரு பங்கு ஷட்டர் திறந்திருந்தால் அவர் 5.6 மில்லிமீட்டர் நகர்ந்திருப்பார். 28 மி.மீ. லென்ஸோடு 3 மீட்டர் தள்ளி நின்று, குறுக்கே போகிற அவரை எடுத்தால், சென்சாரில் (படம் பதியும் சில்லில்) அந்த நகர்வு 0.05 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ.) சென்சாரில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய 0.03க்குள் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. ஆக 1/250 போதாது. 1/500 வைத்தால் எல்லைக்குள் வந்துவிடும். நீங்களும் நடந்துகொண்டே எடுக்கிறீர்கள் என்றால் 1/1000. கேமராவில் ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே ஏற்றி இறக்கும் வசதி) வைத்து, மிகக் குறைந்த ஷட்டர் வேகம் 1/500 என்று கட்டிவிடுங்கள். உச்ச ஐஎஸ்ஓ 6400 வரை போகட்டும். துகள் துகளாகத் தெரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரைச்சலுள்ள தெளிவான படத்தை அச்சிடலாம், கலங்கிய சுத்தமான படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஃபோகஸுக்கு, பகலில் ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு முன்கூட்டியே தூரத்தைக் கட்டிவைக்கும் பழக்கத்துக்கு வாருங்கள். சோன் ஃபோகஸ் என்று சொல்வார்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 28 மி.மீ. லென்ஸ், எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்), ஃபோகஸ் 2.5 மீட்டர் என்று வைத்தால் சுமார் 1.4 மீட்டர் முதல் 10 மீட்டர் வரை தெளிவாக விழும். 35 மி.மீ. என்றால் எஃப் 8இல் 3 மீட்டருக்குக் கட்டினால் 1.9 முதல் 7 மீட்டர் வரை. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 18 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் 2 மீட்டருக்கு வைத்தால் 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை. கேமராவைத் தூக்குவதும் பொத்தானை அழுத்துவதும் மட்டும்தான் மிச்சம். யோசிக்க ஒன்றும் இல்லாததால் கை நடுக்கமும் பாதி குறையும்.

இதில் தவறுவது இரண்டு இடங்களில். இன்றைய பல லென்ஸ்களில் தூர அளவு பொறித்திருக்காது. வளையம் மின்சாரத்தால் இயங்கும். 2.5 மீட்டரை டேப்பால் அளந்து, அங்கே உள்ள ஒரு பொருளின் மேல் ஆட்டோ ஃபோகஸ் வைத்து, அப்படியே கையால் இயக்கும் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட வேண்டும். ஆனால் கேமரா தூங்கி எழுந்தால் அல்லது அணைத்துப் போட்டால் சில மாடல்களில் அந்த அளவு அழிந்துவிடும். உங்களுடையது எப்படி என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இரண்டாவது, தூரம் கணிக்கத் தெரியாமை. 1.5, 2, 3 மீட்டர் ஆகியவை உங்கள் காலடிக் கணக்கில் எத்தனை என்று பழகுங்கள். விளக்குக் கம்பம், நாற்காலி என்று எதிர்ப்பட்டதையெல்லாம் மனதில் கணித்து, பிறகு அளந்து பாருங்கள். சில வாரங்களில் கண் படிந்துவிடும்.

நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8 என்றால் 1/1600 கிடைக்கும். கட்டட நிழலுக்குள் வந்தால் வெளிச்சம் ஏறத்தாழ மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறையும். அங்கே 1/500 வேண்டுமானால் ஐஎஸ்ஓ 1000 வரை ஏறும். இருட்டிய பிறகு எஃப் 8ஐப் பிடித்துத் தொங்காதீர்கள். எஃப் 2.8க்கு வந்தால் அதே 28 மி.மீ. லென்ஸில் தெளிவான பகுதி 2 முதல் 3.4 மீட்டர் வரை என்று சுருங்கிவிடும். அப்போது முகம் கண்டறியும் ஆட்டோ ஃபோகஸே மேல். எல்இடி விளக்கின் கீழே எலெக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அப்போதும் பட்டை தெரிந்தால், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/125 என்று வேகத்தைக் குறையுங்கள். நடப்பவர் கொஞ்சம் கலங்குவார். நிற்பவர்களை எடுக்க வேண்டிய நேரம் அது.

கேமராவை மாற்ற வேண்டாம். கடந்த பத்து ஆண்டுகளில் வந்த எந்த 24 மெகாபிக்சல் கேமராவும் இந்த வேலைக்குப் போதும். அதன் 6000 × 4000 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் 50 × 34 செ.மீ. அச்சுக்குச் செயற்கையாகப் பெரிதாக்காமலே வரும். பணம் செலவழித்தே தீர வேண்டுமென்றால் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஜூம் லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு ஒரே லென்ஸோடு ஆறு மாதம் போங்கள். சட்டகத்துக்குள் என்ன விழும் என்பது கேமராவைத் தூக்குவதற்கு முன்பே தெரிய ஆரம்பிக்கும்.

நெருங்கும் பயம் தானாகப் போகாது. அதற்கு வழி துணிச்சல் என்று பலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. துரத்திக்கொண்டு போய் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது துணிச்சலும் அல்ல, பெரும்பாலும் நல்ல படமும் அல்ல. வெளிச்சமும் பின்னணியும் நன்றாக உள்ள ஓரிடத்தைப் பிடித்து அங்கேயே அரை மணி நேரம் நில்லுங்கள். நீங்கள் அந்த இடத்தின் பகுதியாகிவிடுவீர்கள். ஆட்கள்தான் உங்கள் சட்டகத்துக்குள் வந்து போவார்கள். எடுத்ததும் கேமராவைச் சட்டென்று இறக்கி வேறு பக்கம் பார்ப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. கேமராவைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு அவர் தாண்டிப்போகும்வரை இருங்கள், அல்லது கண்ணைப் பார்த்துத் தலையசையுங்கள். இடுப்பிலிருந்து ஒளித்து எடுக்கும் வித்தையை விட்டுவிடுங்கள். பிடிபட்டால் சொல்ல பதில் இருக்காது.

யாராவது கோபத்தோடு வந்தால் முதலில் நில்லுங்கள். நகர்ந்தால் ஓடுவதாகத்தான் தெரியும். என்ன தொடர், எதற்காக எடுக்கிறீர்கள் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். அந்த இரண்டு வாக்கியத்தை வீட்டிலேயே தயாரித்து வைத்திருக்க வேண்டும். படத்தைக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் சரி, அடுத்த வாரமும் அதே தெருவுக்குப் போக வேண்டியவர் நீங்கள். "எனக்கு உரிமை உண்டு" என்று நடுத்தெருவில் வாதாடி எந்தத் தொடரும் முடிந்ததில்லை. அடி விழும் நிலை வந்தால் கேமராவைவிட உடம்பு முக்கியம். வாதத்தை விட்டு ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் போங்கள். குழந்தைகளை எடுப்பதானால் உடனிருக்கும் பெரியவரைக் கேட்டபின். போதையில் விழுந்து கிடப்பவர், அடிபட்டவர், தெருவில் உறங்குபவர் ஆகியோர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்கள். அவர்கள் முகம் உங்கள் விஷயத்துக்கு உண்மையிலேயே தேவையா என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை தேவைப்படாது.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. போன தடவை எடுத்ததை 10 × 15 செ.மீ. அளவில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஐந்து அச்சுகள் திறக்கிற கதவை எந்த அடையாள அட்டையும் திறக்காது. மற்றவர்களை அறிமுகப்படுத்துவார்கள், பின்கட்டுக்கு அழைப்பார்கள், படக்குறிப்புக்கு வேண்டிய பெயரும் வயதும் தொழிலும் பேச்சோடு பேச்சாக வந்து சேரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, எடுப்பது, வெளியிடுவது, விளம்பரத்துக்கு விற்பது மூன்றும் வேறு வேறு. நாட்டுக்கு நாடு இது மாறும். நியூயார்க்கில் தெருவில் தெரியாமல் எடுத்த தன் படத்தைக் கண்காட்சியில் விற்றதாக ஒருவர் தொடுத்த வழக்கை, அது கலை, வணிக விளம்பரம் அல்ல என்று 2006இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கனடாவிலோ, மாண்ட்ரியலில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைச் சம்மதமின்றி ஓர் இதழ் வெளியிட்டதற்கு, புகைப்படக்காரரும் இதழும் இழப்பீடு தர வேண்டும் என்பதை 1998இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஹங்கேரியில் 2014 முதல், கூட்டக் காட்சி போன்ற விதிவிலக்குகள் தவிர, எடுப்பதற்கே சம்மதம் வேண்டும். உங்கள் நாட்டில் எப்படி என்பதை ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். எல்லா இடத்துக்கும் ஏறத்தாழப் பொருந்துவது இரண்டு. வணிக வளாகம், ரயில் நிலையம் போன்றவை பொதுமக்கள் புழங்கினாலும் பொது இடம் அல்ல, அவற்றுக்குத் தனி விதி இருக்கும். முகம் தெரிகிற படம் விளம்பரத்துக்குப் போக வேண்டுமானால் அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் எந்த நிறுவனமும் தொடாது.

இனி அந்த 38,000. அவற்றை வீணென்று நினைக்காதீர்கள். உங்களுக்கே தெரியாத தொடர் ஒன்று உள்ளே இருக்கலாம். முதல் சுற்றில் வேகமாக ஓட்டுங்கள், ஒரு படத்துக்கு இரண்டு நொடிக்கு மேல் வேண்டாம். பிடித்ததற்கு ஒரு நட்சத்திரம். ஒரு மாதம் தொடாமல் வைத்துவிட்டு, அந்த நட்சத்திரங்களுக்குள் இரண்டாம் சுற்று. அதில் ஒரு 150 தேறினால் தபால் அட்டை அளவில் மலிவாக அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறவருக்குத் தெரியாதது தரையில் தெரியும்: எந்த இடம், எந்த வகை ஆட்கள், எந்த வேலை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்று. அங்கேதான் உங்கள் விஷயம் ஒளிந்திருக்கும். புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1955, 56இல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி 27,000க்கும் மேற்பட்ட ஃபிரேம்கள் எடுத்து, நூலில் சேர்த்தது 83. மறுபக்கம், நியூயார்க் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது சுமார் 2,500 ஃபிலிம் ரோல்கள் கழுவப்படாமலே கிடந்தன. எடுக்கிற ஆசைக்கு அணை போடாவிட்டால் அதுதான் கதி.

தேர்வில் ஏமாற்றுவது ஒன்றே ஒன்று: கஷ்டப்பட்டு எடுத்தது என்ற பாசம். மழையில் இரண்டு மணி நேரம் நின்றது உங்களுக்குத்தான் தெரியும், பார்க்கிறவருக்குத் தெரியாது. அதனால் புகைப்படக்காரர் அல்லாத, வாசிக்கிற பழக்கமுள்ள ஒருவரை அழைத்து அடுக்கச் சொல்லுங்கள். வண்ணத்தில் நிற்காத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காப்பாற்றும் பழக்கமும் வேண்டாம். முழுத் தொடரும் ஒரே முறையில் இருக்கட்டும். வெளிச்சம், மாறுபாடு, அளவான கிராப் (ஓரம் வெட்டுதல்) ஆகியவற்றைத் தொடலாம். ஒரு கம்பியையோ ஆளையோ அழித்தால், செயற்கை நுண்ணறிவால் ஓரத்தை நிரப்பினால், அது ஆவணம் அல்ல. எந்தச் செய்தி நிறுவனமும் அதற்குப் பிறகு உங்களை நம்பாது. ரா கோப்புகளை (கேமரா பதிந்த மூலக் கோப்புகளை) வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.

வைத்துக்கொள்வது என்றால் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று 25 முதல் 30 எம்பி வரை வரும். உங்கள் 38,000மும் ஏறத்தாழ ஒரு டெராபைட். இரண்டு 4 டெராபைட் டிஸ்க் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் அது ஒரு பிரதிக்குச் சமம். புகைப்படக்காரர் ஹெலன் லெவிட் 1959, 1960ஆம் ஆண்டுகளில் கூகன்ஹைம் அறக்கட்டளையின் உதவித்தொகை பெற்று எடுத்த நியூயார்க் வண்ணப் படங்களில் பெரும்பகுதி, 1970இல் அவர் வீட்டில் நடந்த திருட்டோடு போய்விட்டது. மாற்றுப் பிரதி இல்லை. மறுபடியும் தெருவுக்குப் போய் முதலிலிருந்து தொடங்கினார்.

பணம். தெருப் படம் மட்டும் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. பெரிய பெயர்களும் பத்திரிகை வேலை, ஃபேஷன், கற்பித்தல் என்று வேறொன்றில் சம்பாதித்தவர்கள்தான். வருமானம் வரக்கூடிய வழிகளை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கினால், முதலில் நிறுவனங்களுக்கான ஆவண வேலை: தொண்டு நிறுவனம், கட்டடக் கலைஞர், நகரத் திட்ட அலுவலகம், பண்பாட்டு விழா. உங்கள் தொடரைப் பார்த்து, "இதே கண்ணோடு எங்கள் வேலையையும் எடுத்துத் தாருங்கள்" என்று கேட்பார்கள். தொடர் அவர்களுக்கு மாதிரி. கூலி அவர்கள் வேலைக்கு. அடுத்து பத்திரிகைக் கட்டுரைகள், பிறகு பயிலரங்கு, அதன்பின் உதவித்தொகை. அச்சுகளை விற்பது மெதுவாக வரும். அளவையும் எண்ணிக்கையையும் முதலிலேயே எழுதி வையுங்கள்; பத்துப் பிரதி என்று சொல்லிவிட்டுப் பதினொன்றாவதை விற்றால் பெயர் போய்விடும். புத்தகம் என்றால் செலவில் ஒரு பங்கைப் புகைப்படக்காரரே போடச் சொல்லும் பதிப்பகங்கள் நிறைய. ஆஃப்செட்டில் பெரும்பாலும் 16 பக்கக் கட்டுகளாக அடிப்பதால் 96, 112, 128 என்று திட்டமிட வேண்டும். அதை இப்போது நினைக்கவே வேண்டாம்.

விற்கும்போது படத்தை விற்காதீர்கள், பயன்பாட்டை விற்கவும். எந்த ஊடகத்தில், எந்த அளவில், எந்தெந்த நாடுகளில், எத்தனை மாதத்துக்கு, அவர்களுக்கு மட்டுமா பிறருக்கும் தரலாமா என்ற ஐந்தும் விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும். "முழு உரிமையும்" என்ற சொல் ஒப்பந்தத்தில் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதற்குத் தேவைப்படுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓராண்டு வலைத்தளப் பயன்பாடுதான் அவர்களுக்கு வேண்டியிருக்கும். வழக்கமான படிவத்தை அப்படியே அனுப்பியிருப்பார்கள்.

வேலையை விடுவதற்கு ஓர் அளவுகோல் கேட்டால், என் கணக்கு இது. தொடர்ந்து 12 மாதம் புகைப்பட வருமானம் உங்கள் மாதச் செலவில் பாதியைத் தாண்டியிருக்க வேண்டும். அது குறைந்தது மூன்று தனித்தனி வாடிக்கையாளர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் பில் கொடுத்து 60, 90 நாள் கழித்துப் பணம் வருவது இந்தத் தொழிலில் சாதாரணம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாரத்தில் நான்கு நாள் வேலை என்று கேட்டுப் பாருங்கள். முழுக்க விடுவதைவிட அது நல்ல இடைவழி.

அந்தப் பத்திரிகைக்குத் திரும்ப எழுதுங்கள். இந்த முறை 60 அல்ல, 12 முதல் 15 படங்கள், நீளப்பக்கம் 2000 புள்ளி அளவு ஜேபெக்குகள், ஒவ்வொன்றிலும் குறிப்பு. கூடவே 200 சொல்லுக்கு மேற்போகாத ஒரு விளக்கம்: எந்த இடம், யார், என்ன மாறுகிறது, நீங்கள் எத்தனை காலமாகப் போகிறீர்கள், இன்னும் என்ன எடுக்கப் போகிறீர்கள். முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். "சிறுவயது முதலே கேமரா மீது காதல்" என்று தொடங்கும் கடிதங்கள் பாதியில் மூடப்படும். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அத்தோடு வேறு இதழுக்கு.

போட்டிகள்: ஆண்டுக்கு இரண்டு மூன்று போதும். ஒற்றைப் படப் பிரிவைவிடத் தொடர் பிரிவுக்கு அனுப்புங்கள். நடுவர்களில் பத்திரிகை ஆசிரியர்கள், அருங்காட்சியகப் பொறுப்பாளர்கள் யாரென்று பாருங்கள். பரிசு கிடைக்காவிட்டாலும் அவர்கள் கண்ணில் படுவதுதான் ஆதாயம். கட்டணம் செலுத்துவதற்கு முன் விதிமுறையில் உரிமை பற்றிய பத்தியைப் படியுங்கள். வென்ற படங்களைப் போட்டியின் விளம்பரத்துக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்துவோம் என்றால் சரி. அனுப்பிய எல்லாப் படங்களையும், காலவரையறை இன்றி, எந்த நோக்கத்துக்கும், பிறருக்கு மாற்றித்தரும் உரிமையோடு என்று இருந்தால் அனுப்ப வேண்டாம். அவர்கள் நடத்துவது போட்டி அல்ல, இலவசப் படக் கொள்முதல். உங்கள் தெருவில் முகம் காட்டியவர்களின் படமும் அதில் சேர்ந்து போகும், அவர்களிடம் நீங்கள் வாங்கிய சம்மதம் அதற்காக அல்ல.